பொட்டு வைத்த சுவிட்ச்

கண்டியில் இருந்துகொண்டு வீட்டில் ஏசி போட்டிருக்கிறோம் என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். கொழும்புக்காரர்கள் குளிரைத் தேடி இங்கே வருகிறார்கள், நீங்கள் குளிரை விலைக்கு வாங்குகிறீர்களா என்று என் கூடப்பிறந்த தங்கையே கேட்டாள். முதலில் எல்லாருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துப்போய், ஆமாம், கொழுப்புத்தான் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

காரணம் என் கணவர். பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தவர். ஆறு வருடங்களுக்கு முன் கோயில் திருவிழாவுக்கு பல்ப் மாலை கட்ட ஏணியில் ஏறினார், மல்லாக்க விழுந்தார். கழுத்தில் நரம்பு அறுந்துபோனது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. வாயும் மூளையும் மட்டும் முன்பைவிட நன்றாக வேலை செய்கின்றன. அதுவும் என்னைக் கேலி செய்யும் விஷயத்தில் இரண்டுக்கும் ஓய்வே கிடையாது.

இப்படிப்பட்ட உடம்புக்கு வேர்க்காது என்பது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரியவந்தது. வெயில் ஏற ஏற உடம்புச் சூடும் கூடவே ஏறும். வேர்த்து இறக்கிவிட வழியில்லை. ஒரு ஏப்ரலில் மத்தியானம் முப்பத்தொன்பதைத் தாண்டி, என்னை அவருடைய அம்மா என்று நினைத்துப் பேசத் தொடங்கிவிட்டார். மூன்று நாள் வார்டில் கிடந்தோம். அறையைக் குளிர்ச்சியாக வைக்காவிட்டால் அடுத்த தடவை என்னிடம் கொண்டுவந்து பிரயோசனம் இல்லை என்று டாக்டர் நேராகவே சொன்னார். மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். அடுத்த மாதமே ஏசி வந்து இறங்கியது.

நாங்கள் இருப்பது கெலிஓயாவுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டின் கீழ்த்தளம். மேலே வீட்டுக்காரர் குடும்பம். அவருக்குத் திகனயில் துணிக்கடை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அவர் மனைவி என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். எனக்குக் கை தேவைப்படும்போதெல்லாம் கூப்பிடாமலே படியிறங்கி வந்துவிடுவார். தங்கை என்றுதான் அவரைச் சொல்வேன்.

ஏசி வந்த வருடமே கொரோனாவும் வந்து என் மூக்கைக் கொண்டுபோனது. மற்றவர்களுக்கு ஒரு மாதம், இரண்டு மாதத்தில் வாசனை திரும்பியது. எனக்கு இன்றுவரை இல்லை. மல்லிகையும் கருவாடும் எனக்கு ஒன்றுதான். பால் பொங்கி அடுப்பில் ஊற்றிக் கருகினாலும் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அதனால் வீட்டில் மூக்கு வேலை அவருடையதாகிவிட்டது. கட்டிலில் படுத்தபடியே, உப்புமாவுக்கு எண்ணெய் காய்ந்துவிட்டது, பருப்பு அடிப்பிடிக்கிறது, பக்கத்து வீட்டில் இன்றைக்கு மாசிச் சம்பல் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆளுக்குப் பாதி உடம்பு, இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் என்று மேல்மாடித் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஆனால் மனுஷர் அந்த மூக்கை வைத்து விளையாடவும் தொடங்கினார். நான் கொஞ்சம் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினால் போதும், சோறு கருகுது என்பார். விழுந்தடித்துக் குசினிக்கு ஓடுவேன். சோறு சோறாகவே இருக்கும். திரும்பி வந்தால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பார். அடிக்கவா முடியும்? அடித்தாலும் அவருக்குத் தெரியாதே என்று நானும் சேர்ந்து சிரிப்பேன்.

என்னிடமும் ஒரு பழக்கம் இருந்தது. இடி. நான் பிறந்தது தோட்டத்து லயத்து வீட்டில், தகரக் கூரையின் கீழ். இடி இடித்தால் ரேடியோ வயரைப் பிடுங்கு, கண்ணாடியை மூடு, கத்தியை உள்ளே வை என்று வளர்ந்தவள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கண்டியில் மாரி தொடங்கும் மாதங்களில் பின்னேரம் தவறாமல் இடிக்கும். தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். டிவி ப்ளக், பிரிஜ் ப்ளக், கடைசியாக அவர் தலைமாட்டுச் சுவரில் இருக்கும் ஏசி ப்ளக். அணைத்துவிட்டுப் பிடுங்கு என்று அவர் சொல்வார். சரி சரி என்பேன். ஆனால் அந்த அவசரத்தில் சுவிட்ச் யாருக்கு ஞாபகம் வரும்? வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. சில நேரம் உள்ளே பளிச்சென்று ஒரு பொறி தெரியும். பார்த்தாயா, இடி உள்ளே வரப் பார்த்தது, நான் தடுத்துவிட்டேன் என்று மனதுக்குள் பெருமைப்படுவேன். அந்த ப்ளக் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. அந்த அறையிலேயே அவர் கண் போகாத ஒரே இடம் அதுதான்.

இனி அவருடைய பழக்கம் ஒன்று. ஏசி வந்த வருட ஆயுத பூசைக்கு, வழக்கம்போல தையல் மெஷின், அரிவாள்மனை, மகளின் பழைய சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். ஏசிக்கும் வைத்தேன். மெயின் சுவிட்சுக்கு வைத்தாயா என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அது குசினிக்குப் போகும் நடையில், என் தலைக்கு மேலே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. உள்ளே வரிசையாக ஏழெட்டு சுவிட்ச். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே பயம். வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. தொழிற்சாலையில் அதற்குத்தான் முதல் பொட்டு வைப்போம், வீட்டு மின்சாரத்துக்கே அதுதான் வாசல் என்றார். அதற்கு ஒரு முறையும் இருந்தது. குட்டைக் கால் வைத்த பலகை போட்டு ஏறி, இடது ஓரத்தில் இருக்கும் பெரிய சுவிட்சை முதலில் கீழே தள்ள வேண்டும். வீடு முழுக்க அணைந்த பிறகுதான் பொட்டு. ஓடுகிற மின்சாரத்துக்குப் பொட்டு வைத்தால் தோஷமாம்.

அதோடும் முடியவில்லை. அந்தப் பொட்டு அழியக் கூடாதாம். மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை புதிதாக வைக்க வேண்டுமாம். பலகையை அந்த இடத்தைவிட்டு எடுக்கவும் கூடாதாம். நடைவழியில் அந்தப் பலகையில் கால் இடித்துக்கொள்ளாத நாள் எனக்கு இல்லை. ஒவ்வொரு முதல் வெள்ளியும் முணுமுணுத்துக்கொண்டே ஏறுவேன். தள்ளிட்டியா என்று கட்டிலிலிருந்து கேட்பார். தள்ளிவிட்டேன் சாமி என்பேன். சாமி விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்தவள். குறை வைக்க மனம் வராது.

அது ஒரு மார்ச் மாதக் கடைசி. காற்றே இல்லாத மத்தியானம். எதிரே மலை வெயிலில் மங்கிக் கிடந்தது. முதல் நாள் பின்னேரம் இடித்தது. வழக்கம்போலப் பிடுங்கி, மழை விட்டதும் திரும்பச் சொருகியிருந்தேன். நான் குசினியில் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"இந்தா, ஏதோ கருகுது."

இரண்டு நாளைக்கு முன்புதான் இதே பேச்சுக்கு ஓடி, இல்லாத கருகலைத் தேடிச் சட்டியைக் கிளறியிருந்தேன். எனக்கு எரிச்சல் வந்தது. கருகட்டும், இன்றைக்கு அதையே தின்னுங்கள் என்று அங்கிருந்தே கத்திவிட்டு நறுக்கிக்கொண்டே இருந்தேன். அந்த வார்த்தை இன்றும் என் வாயில் கசக்கிறது. புலி வருகிறது என்று விளையாடியது அவர்தான். ஆனால் புலி வந்த அன்று அதன் முன்னால் அசைய முடியாமல் கிடந்ததும் அவரேதான்.

பிறகு அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"புள்ள. இங்க வா."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதற்கு முன் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது இரண்டே தடவைதான். மகள் பிறந்த அன்று ஒன்று. ஏணிக்குக் கீழே கிடந்து, என் காலு எங்க இருக்குன்னு பாரு புள்ள என்று கேட்டது ஒன்று. கத்தியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன்.

அறையில் ஒன்றும் வித்தியாசமாக இல்லை. ஏசி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, குளிர் சுகமாக முகத்தில் பட்டது. மீன் அழுகின மாதிரி ஒரு நாற்றம், அதோடு ப்ளாஸ்டிக் கருகுகிறது, தலைக்குப் பின்னால் இருந்து வருகிறது என்றார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன், வெறும் காற்று. கட்டிலைச் சுற்றிப் போய்க் குனிந்தேன். ப்ளக்கின் வெள்ளை ஓரம் தேத்தண்ணிக் கறை நிறத்தில் இருந்தது. ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. அதிலிருந்து ஒரு தலைமுடி கனத்தில் புகை சுவரோடு ஒட்டி மேலே போய்க்கொண்டிருந்தது. அவருடைய தலையணைக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

சொன்னேன். சொல்லும்போதே என் கை ப்ளக்கை நோக்கிப் போய்விட்டது. இத்தனை வருடம் பிடுங்கிய கை அல்லவா.

"தொடாத. ரிமோட்டுல அணை. பொறவு ஓடிப்போய் பொட்டு வச்சத கீழ தள்ளு."

ரிமோட் அவர் நெஞ்சின் மேல் இருந்தது. அணைத்தேன். ஏசி ஒரு பெருமூச்சோடு நின்றது. புகை நிற்கவில்லை. என் கால் நகரவும் இல்லை. அவரை அந்தப் புகைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு எப்படி அடுத்த பக்கம் போவது? உங்களை முதலில் வெளியே எடுக்கிறேன் என்று அவர் தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன்.

"தனியா முடியாது. தள்ளிட்டு வா. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

அந்த நேரத்திலும் அவர் வாய் ஒரு பக்கம் கோணியது. அது கேலிக்கான கோணல். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் வந்தது.

நடையில் பலகை அதன் இடத்தில் இருந்தது. ஏறினேன். பெட்டியைத் திறந்தேன். இடது ஓரத்தில் சிவப்புப் பொட்டு. தேடவில்லை, யோசிக்கவில்லை, பயப்படக்கூட நேரமில்லை. கை தானாகப் போய்த் தள்ளியது. வீடு ஒரேயடியாக அமைதியானது. பிரிஜ் நின்றது, படுக்கைப் புண் வராமலிருக்க அவருக்குப் போட்டிருக்கும் காற்று மெத்தையின் மோட்டர் நின்றது. தள்ளிட்டியா என்று உள்ளேயிருந்து கேட்டார். தள்ளிட்டேன் என்றேன். ஒவ்வொரு முதல் வெள்ளியும் சொல்கிற அதே பதில்தான்.

மாடிப்படியில் நின்று கத்தினேன். மேல்மாடித் தங்கை வரும்போதே ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். கருகுகிறது என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. மின்சாரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வாளியை அங்கேயே வையுங்கள் என்று என் கணவர் கட்டிலிலிருந்து சொன்னார். இரண்டு பேரும் பெட்ஷீட்டின் இரண்டு முனைகளைப் பிடித்து, மூத்திரப் பையை அவர் கால்களுக்கு நடுவில் வைத்து, கட்டிலிலிருந்து மெதுவாகத் தரைக்கு இறக்கினோம். மெதுவாக என்று சொல்கிறேன். கடைசியில் தொப்பென்றுதான் இறங்கினார். பெட்ஷீட்டோடு இழுத்துக்கொண்டு முன்வாசல் வரை வந்தோம். அறைக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

ஃபயர் ஆக்களுக்குப் போன் அடிக்கவா என்று தங்கை கேட்டார். நான் தயங்கினேன். புகை நின்றிருக்கும், ஊரைக் கூட்ட வேண்டுமா என்று ஒரு வெட்கம். என் கணவருக்கு அந்த வெட்கம் இல்லை. சுவருக்குள் வயர் எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் சந்தோஷம்தானே என்றார். தீயணைப்புக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். ப்ளக்கைச் சுற்றிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சூடு இறங்குகிறது, தீ இல்லை, ஆனால் தெரிந்த ஆள் வந்து பார்க்கும்வரை மெயினைப் போட வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது ஒருவர் என் கணவரின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

தீயிலிருந்து தப்பினோம். அடுத்தது வெயில்.

மத்தியானம் இரண்டரை. முன்வாசல் மேற்குப் பார்த்தது. கெலிஓயாவிலிருந்து வர வேண்டிய பாஸ், வயரிங் வேலைக்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம், வேறு வீட்டு வேலையில் இருந்தார். ஆறு மணிக்குத்தான் வர முடியும் என்றார். நான் வெப்பமானியை வைத்தேன். முப்பத்தேழு புள்ளி எட்டு. கால் மணி நேரம் கழித்து முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. அவர் முகம் சிவந்து, காய்ந்துபோயிருந்தது, ஒரு துளி வேர்வை இல்லை. மேலே வேறு மீட்டர், அங்கே மின்சாரம் இருந்தது. தங்கை ஐஸ் கொண்டுவந்தார். அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணி வைத்தோம். ஒரு பழைய கலண்டர் அட்டையால் விசிறினேன். கை மாற்றிக் கை மாற்றி விசிறினேன்.

முப்பத்தெட்டு புள்ளி ஆறு என்று பார்த்தபோது எனக்குள் ஏதோ உடைந்தது. அந்த ஏப்ரல் மாதம் கண்ணுக்கு முன்னால் வந்தது. என்னை அம்மா என்று கூப்பிட்டாரே, அந்தக் குரல். புகைதான் நின்றுவிட்டதே. அறைக்குள் ஏசி நல்லபடியாகத்தானே தொங்குகிறது. மெயினைத் தூக்கி, பத்து நிமிஷம், பத்தே பத்து நிமிஷம் ஓடவிட்டால் அறை குளிர்ந்துவிடும். இவரை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு நான் ப்ளக்கைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இதை அவரிடம் சொன்னேன். சொல்லவில்லை, கெஞ்சினேன். நடையை நோக்கிப் போகவும் எழுந்துவிட்டேன்.

"போட்டா சுவருக்குள்ள பத்திக்கும். சூட்டுல செத்தா நான் மட்டும்தான். உக்காரு புள்ள."

நான்காவது தடவை அந்த வார்த்தை. உட்கார்ந்தேன். சத்தமாகவே அழுதேன், தங்கைக்கு முன்னால். அழுதுகொண்டே விசிறினேன். முப்பத்தொன்பது வந்தால் நான் உங்களைக் கேட்கமாட்டேன், த்ரீவீலரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன் என்றேன். அதற்குச் சரி என்றார்.

தங்கைதான் அதற்குள் யோசித்தார். மேலேயிருந்து நீட்டு வயரை ஜன்னல் வழியாக இறக்கி, மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வயரில் ஏசியையே போட்டுவிடலாமே என்று அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை. இந்த வயர் விசிறிக்குத்தான் தாங்கும், ஏசிக்கு வைத்தால் அடுத்து இது உருகும் என்றார் அவர். ஈரத்துணியும் விசிறிக் காற்றும் சேர்ந்ததும் சூடு ஏறாமல் நின்றது. முப்பத்தெட்டு புள்ளி ஆறு. மறுபடியும் ஆறு. இறங்கவில்லை, ஏறவும் இல்லை. அப்படியே ஒரு மணி நேரம் போனது.

நாலு மணிக்குக் கண்டி தன் வழக்கத்தைக் காட்டியது. ஹந்தானை மலைப் பக்கம் இருட்டி, முதல் இடி இடித்தது. என் இரண்டு கைகளும் துள்ளின. பிடுங்குவதற்குத்தான் ஒன்றுமே இல்லையே. மழை அடித்துக்கொண்டு வந்தது. திறந்த வாசல் வழியாகக் குளிர்காற்று அவர் முகத்தில் மோதியது. கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரத்தில் முப்பத்தேழு புள்ளி ஐந்து. இடியை நான் வாழ்க்கையில் முதல்தடவையாக அன்றைக்குத்தான் கும்பிட்டேன்.

பாஸ் மழையில் நனைந்துகொண்டே ஆறு மணிக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர், எங்கள் ஆள்தான். ப்ளக்கைக் கழற்றிச் சுவர்ப் பெட்டியை வெளியே எடுத்து முன்வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே பித்தளைக் கவ்விகளில் ஒன்று விரிந்து, கறுத்துப்போயிருந்தது. இறுக்கிப் பிடிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. ஏசி இழுக்கிற மின்சாரம் அந்தத் தொடுகிற முனையில் சூடாகிச் சூடாகி இப்படி ஆகிவிட்டது என்றார். பிறகு என்னைப் பார்த்தார். இதை அடிக்கடி, சுவிட்சைப் போட்டபடியே இழுத்துப் பிடுங்குவீர்களா என்று கேட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இத்தனை வருடம் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவர் தலைமாட்டில் நானே நெருப்பு மூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வாயைத் திறக்குமுன் தரையிலிருந்து அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் புடுங்கச் சொல்லுவேன் தம்பி. எனக்கு இடின்னா பயம்."

கொட்டும் மழையில், இடி மின்னலில், தொழிற்சாலைக்கு வெளிச்சம் வர வேண்டும் என்று கம்பத்தில் ஏறிய மனுஷர். பாஸ் தலையாட்டிக்கொண்டார். ஏசிக்கு இனி ப்ளக்கே வேண்டாம், தனி வயர் இழுத்து, ஐயாவின் கண்ணுக்குத் தெரிகிற சுவரில் தனி சுவிட்ச் வைத்துத் தருகிறேன்; இடித்தால் அதை அணைத்தால் போதும் என்றார். அந்த ஒரு வயரைக் கழற்றி மூடிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பார்த்து, மெயினைப் போட நடைக்குப் போனார். போனவர் அங்கிருந்து கேட்டார்.

"அம்மா, இதுக்கு எதுக்குப் பொட்டு?"

முறையைச் சொன்னேன். ஆயுத பூசைக்கும் மாதத்தின் முதல் வெள்ளிக்கும், பலகையில் ஏறி, கீழே தள்ளி, பிறகு பொட்டு. ஓடுகிற மின்சாரத்துக்கு வைத்தால் தோஷம். தொழிற்சாலையில் அப்படித்தான் செய்வார்களாம். பாஸ் சிரித்தார். நானும் இருபது வருடமாகத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறேன், பூசைக்குப் பொட்டு வைப்போம்தான், ஆனால் மாதம் மாதம் மெயினைத் தள்ளிவிட்டு வைக்கிற வழக்கத்தை எங்கேயும் கண்டதில்லை, கேட்டதுமில்லை என்றார்.

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் திருப்ப முடிந்தது கழுத்து ஒன்றுதான். அதையும் என் பக்கம் திருப்பவில்லை. அந்த வருடம்தான் ஏசி வந்தது. அந்த வருடம்தான் என் மூக்கு போனது. ஏதாவது கருகினால் எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்தாலும் எழும்ப முடியாது. அந்தப் பெட்டியைக் கண்டால் நான் ஓடுவேன் என்பதும் அவருக்குத் தெரியும். இதையெல்லாம் அந்தக் கட்டிலில் தனியாகக் கிடந்து யோசித்து, எனக்காக ஒரு சாமி முறையையே உண்டாக்கியிருக்கிறார். மாதம் தவறாமல் என் கையைப் பழக்கியிருக்கிறார். நான் பலகையில் கால் இடித்துத் திட்டும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏன் இப்படிப் பொய் சொன்னீர்கள், பயமாக இருக்கிறது, பழகிக்கொள் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சாமி சொன்னா செய்வ. நான் சொன்னா செய்வியா? ப்ளக்க அணைச்சிட்டு புடுங்குன்னு எத்தன தடவ சொன்னேன்."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அங்கேதான் அவருக்கு உணர்வு இருக்கிறது. மேல்மாடித் தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, பார்க்காததுபோல மாடிக்குப் போய்விட்டார்.

இப்போது ஏசி தனி வயரில் ஓடுகிறது. மகள் அனுப்பிய, புகை பட்டால் கத்துகிற வட்டப் பெட்டி ஒன்று முகட்டில் இருக்கிறது. அது எனக்கு மூக்கு. கருகுது என்று அவர் சொன்னால், கேலியோ நிஜமோ, ஓடுகிறேன். அவரும் அதற்குப் பிறகு அந்த விளையாட்டை விட்டுவிட்டார். வேறு விளையாட்டுக் கண்டுபிடித்துவிட்டார், அதை இங்கே எழுத முடியாது. முதல் வெள்ளிக்கிழமைகளில், பொய் என்று தெரிந்தே, பலகையில் ஏறி, தள்ளி, பொட்டு வைக்கிறேன். தள்ளிட்டியா என்று கேட்கிறார். தள்ளிட்டேன் சாமி என்கிறேன். இப்போது அதை வேறு மாதிரிச் சொல்கிறேன்.

போன ஆயுத பூசைக்கு தையல் மெஷின், அரிவாள்மனை, ஏசி, மெயின் எல்லாவற்றுக்கும் வைத்து முடிந்தது. கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது. இந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற ஆயுதம் ஒன்றுக்கு இன்னும் வைக்கவில்லையே என்று சொல்லி, கட்டிலுக்குப் போய் அவர் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தேன். ஓடுகிற மூக்குக்கு வைத்தால் தோஷம் என்றார். சந்தனம் உள்ளே போய்த் தும்மினார். துடைக்க அவருக்குக் கை வராது. நான்தான் துடைத்துவிட்டேன்.